சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்: டிவியில் ஆடிய அசலுக்கும் கேம் பாய் கலர் பதிப்புக்கும் என்ன வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இரண்டு கேம்களைப் பற்றிய பக்கம் இது?

ஒன்று, 1985 செப்டம்பரில் ஜப்பானில் ஃபேமிகாம் கருவிக்கு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அமெரிக்காவில் அதே கருவியின் பெயர் என்இஎஸ். மற்றது, 1999இல் கேம் பாய் கலர் என்ற கைக்கருவிக்கு நின்டெண்டோவே மறுபடி செய்து வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ். ஜப்பானில் டீலக்ஸ் 2000இல்தான் கிடைத்தது. அதுவும் கடையில் பெட்டியாக விற்கவில்லை. லாசன் என்ற கடைத்தொடரில், காலி கேட்ரிட்ஜில் (நம் ஊரில் ‘கேசட்’) கேமை எழுதித் தரும் சேவை மூலமாக மட்டும்.

லெவல்கள் அப்படியேதானா, மாற்றியிருக்கிறார்களா?

டீலக்ஸின் முதல் மெனுவில் இருக்கும் ‘ஒரிஜினல் 1985’ என்ற பகுதியில் அதே 8 உலகம், அதே 32 லெவல். காளான் இருந்த இடத்தில் காளான், பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம். 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் லெவலில், கூரைமேல் ஓடிப் போனால் 2, 3, 4ஆம் உலகங்களுக்குப் போகும் குழாய்கள் இங்கேயும் உண்டு. மாரியோவின் ஓட்டம், சறுக்கல், குதி உயரம் எல்லாம் பழைய கை மறக்காத அளவுக்கு நெருக்கம்.

கேம் அதேதான். அதைப் பார்க்கிற ஜன்னல்தான் சுருங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் வரும் பாதி கேள்விகளுக்கு விடை அந்த ஜன்னலில்தான் இருக்கிறது.

திரை எவ்வளவு சிறியது? அது உண்மையிலேயே ஆட்டத்தைப் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். அசல் 256 × 240 புள்ளிகளில் (பிக்சல்) வரைகிறது. கேம் பாய் கலரில் இருப்பது 160 × 144. மாரியோ உடைக்கும் ஒரு செங்கல் 16 × 16 புள்ளி. செங்கல் கணக்கில் பார்த்தால் டிவியில் 16 அகலம், 15 உயரம். கையில் 10 அகலம், 9 உயரம். ஸ்கோர், நேரம் காட்டும் எழுத்துகளுக்கும் அந்த 9இலிருந்துதான் இடம் போகிறது. படத்தைச் சுருக்கி உள்ளே திணிக்காமல் அதே அளவில் வைத்து ஓரங்களை வெட்டியதால் மாரியோ பளிச்சென்று தெரிகிறார். அவரைச் சுற்றி இருப்பதுதான் தெரிவதில்லை.

அகலத்தின் கணக்கு இது. பி பட்டனை அழுத்தி முழு வேகத்தில் ஓடினால் அசலில் மாரியோ ஒரு ஃபிரேமுக்கு 2.5 புள்ளி நகர்கிறார். திரை ஒருமுறை புதிதாக வரையப்படுவதுதான் ஒரு ஃபிரேம், நொடிக்கு சுமார் 60. அதாவது நொடிக்கு சுமார் 150 புள்ளி. டிவியில் அவருக்கு முன்னால் சுமார் 130 புள்ளி தூரம் தெரியும். ஓரத்தில் ஒரு பள்ளம் எட்டிப் பார்த்தால் அதை அடைய முக்கால் நொடிக்கு மேல் கிடைக்கும். கேம் பாய் கலர் திரையின் நடுவில் ஓடும்போது முன்னால் இருப்பது 70 புள்ளி சொச்சம். கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு. எதிரி உங்களை நோக்கி வருகிறான் என்றால் அதுவும் இல்லை.

உயரத்தின் கணக்கு இன்னும் வேடிக்கை. 1-1இன் தொடக்கத்தில் செங்கல் வரிசைக்கு மேலே தனியாக ஒரு கேள்விக்குறிப் பெட்டி இருக்குமே, அது தரைக்கு மேல் 8ஆவது கட்டம். தரை 2 கட்டம். சேர்த்து 10. ஒன்பது கட்டத் திரையில் தரை முழுவதும் அந்தப் பெட்டியும் ஒன்றாகத் தெரிய வழியே இல்லை. அசலை வடிவமைத்தபோது இரண்டும் ஒரே பார்வையில் விழும் என்று எண்ணித்தான் வைத்திருக்கிறார்கள்.

மேலே, கீழே பார்க்க வழி உண்டா?

உண்டு. நின்றுகொண்டு மேல் அம்பை அழுத்தினால் காட்சி மேலே நகரும், கீழ் அம்பை அழுத்தினால் கீழே. பள்ளம் அருகில் வந்தால் நிற்பது, கீழே பார்ப்பது, பிறகு குதிப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள். அசலை மனப்பாடமாக ஆடியவர்கள்தான் இதில் அதிகம் சாகிறார்கள். கை பழைய வேகத்தில் ஓடுகிறது, கண்ணுக்கு எட்டுவதில்லை.

எந்த லெவல்களில் இது கடுமையாகத் தெரியும்?

உலகம் 1இல் பெரிதாகத் தெரியாது. 3-3, 4-3, 6-3இல் தெரிய ஆரம்பிக்கும். அங்கே தராசுபோல ஏறி இறங்கும் பலகைகள் உண்டு. ஒன்றில் நிற்கும்போது மற்றது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது டிவியில் ஒரே பார்வையில் தெரியும். கையில் ஒரு பலகைதான் தெரியும், இன்னொன்றை நினைவில் வைத்துக் குதிக்க வேண்டும்.

5-3, 6-3இல் பீரங்கி எதுவும் இல்லாமலேயே வலது ஓரத்திலிருந்து குண்டுகள் பறந்து வரும். திரை குறுகியதால் குண்டு கண்ணில் பட்டதுமே அது பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டிலும் பி பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு நடந்தே போங்கள். நடை வேகம் ஓட்டத்தில் அறுபது சதவீதம்தான், பார்த்து விலகும் நேரம் கூடும்.

5-4 கோட்டை தனி ரகம். அங்கே சுழலும் நெருப்புக் கம்பிகளில் ஒன்று மற்றவற்றைவிட இரட்டிப்பு நீளம்: 12 நெருப்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் 8 புள்ளி இடைவெளியில். அது ஒரு சுற்றுச் சுற்றினால் உருவாகும் வட்டத்தின் குறுக்களவு 160 புள்ளியைத் தாண்டும். கேம் பாய் கலர் திரையின் அகலத்திலும் அடங்காது, உயரத்திலும் அடங்காது. கம்பி திரையை விட்டு மறைந்த பிறகு அது எங்கே இருக்கும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஓட வேண்டும். கம்பி உங்கள் பக்கம் கடந்து போன உடனே கிளம்புங்கள், அது திரும்பி வரட்டும் என்று பார்த்து நிற்காதீர்கள்.

8-1க்கு 300 நேர அலகுதான். மிக நீளமான லெவல் அது, நின்று நின்று பார்க்க நேரம் இருக்காது. பள்ளங்களின் வரிசையை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. 8-3இல் சுத்தியல் எறிகிற ஆமைகள் ஜோடி ஜோடியாக வரும். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று என நிற்கும்போது மேலே நிற்பது தெரியாமல் அதன் சுத்தியல் மட்டும் தலையில் விழும்.

சின்ன வயதில் கேசட்டில் ஆடியதைவிட டீலக்ஸ் வேகமாக ஓடுகிறதே?

தோற்றமயக்கம் இல்லை, பெரும்பாலும் உண்மைதான். 90களில் நம் ஊரில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். அவை PAL என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கிய நம் ஊர் டிவிகளுக்கு ஏற்ப நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும்படி செய்யப்பட்டவை. உள்ளே இருந்த கேமோ நொடிக்கு 60 ஃபிரேம் என்று எழுதப்பட்ட ஜப்பானியப் பதிப்பு. எனவே மாரியோ, எதிரிகள், பாட்டு, நேரம் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. கேம் பாய் கலர் நொடிக்கு 59.7 ஃபிரேம், அசல் என்இஎஸ் 60.1. ஆக, உங்களுக்கு வேகமாகத் தெரிவதுதான் சரியான வேகம். ஒரு வாரம் ஆடினால் குதிக்கும் நேரம் கைக்கு வந்துவிடும்.

‘999999 இன் 1’ கேசட்டில் மாரியோவே பல பெயர்களில் வெவ்வேறு லெவலிலிருந்து தொடங்கும். அவற்றை வைத்து அசலை எடை போட வேண்டாம்.

படமும் ஒலியும்?

என்இஎஸ் ஒரே நேரத்தில் 25 நிறம் காட்டும், கேம் பாய் கலர் 56. அதுவும் 32,768 நிறங்களிலிருந்து தேர்ந்தெடுத்து. டீலக்ஸில் தண்ணீரும் எரிமலைக் குழம்பும் அசைகின்றன. லெவல்களுக்கு நடுவே வரைபடம் ஒன்று வருகிறது, அசலில் அது கிடையாது. அந்த வரைபடத்தில் செலக்ட் பட்டனை அழுத்தினால் மாரியோவுக்குப் பதில் லூயிஜியாக ஆடலாம்.

ஒலியில், என்இஎஸ்ஸின் அடித்தள ஸ்வரத்தை வாசிப்பது முக்கோண அலைச் சானல். கேம் பாயில் அது இல்லை. அலை வடிவத்தை நாமே எழுதிக்கொடுக்கும் சானல் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. 1-2இன் நிலவறைப் பாட்டில் வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். கருவியின் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகும், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

சேமிக்கும் வசதி ஆட்டத்தை எளிதாக்கிவிடாதா?

ஆக்கும். அதுவும் நல்லதுக்குத்தான். அசலில் 3 உயிர் முடிந்தால் ஆட்டம் காலி. முகப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்தியபடியே ஸ்டார்ட் அழுத்தினால் கடைசியாகச் செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. டீலக்ஸில் 3 சேமிப்பு இடங்கள் உண்டு, கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரி அவற்றைக் காக்கிறது. சிறிய திரையால் கூடிய கடினத்துக்கு இது ஒரு ஈடு.

சாலஞ்ச் பகுதியில் என்ன செய்ய வேண்டும்?

டீலக்ஸை வாங்குவதற்கான உண்மையான காரணமே இதுதான் என்பது எங்கள் கருத்து. அதே 32 லெவல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வேலை: 5 சிவப்புக் காசு எடுப்பது, மறைந்திருக்கும் ஒரு யோஷி முட்டையைக் கண்டுபிடிப்பது, குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டுவது. மொத்தம் 160 காசு, 32 முட்டை. மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டியதில்லை.

அசலில் ஓடிக் கடந்த இடங்களில் இங்கே நின்று தேடுகிறோம். மேலே பார், கீழே பார் என்ற அந்தச் சிறிய திரையின் குறை இங்கே விளையாட்டாகவே மாறிவிடுகிறது. டிவியின் பெரிய திரையில் இதே தேடல் இவ்வளவு சுவைக்காது. முட்டைகள் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் இருக்கும். வெறும் வானத்தின் கீழ் காரணமில்லாமல் ஒரு செங்கல் அகல இடைவெளி தெரிந்தால் அங்கே குதித்துப் பாருங்கள்.

ஸ்கோர் புள்ளிக்கு வழி: எதிரிகளைத் தரையைத் தொடாமல் அடுத்தடுத்து மிதித்தால் 100, 200, 400, 500, 800, 1000 என்று ஏறி 8000 வரை போகும், அடுத்தது உயிர். ஆமை ஓட்டை உதைத்து எதிரிகள்மேல் உருட்டினால் 500இலேயே தொடங்கும். கொடிக்கம்பத்தின் உச்சிக்கு 5000. காசுக்கு 200, காளானுக்கும் பூவுக்கும் 1000. ஒரு லெவலில் இலக்குக்குக் கொஞ்சம் குறைந்தால் காசு பொறுக்குவதைவிட ஆமை ஓட்டைச் சரியான இடத்தில் உதைப்பதுதான் சீக்கிரம் பலன் தரும்.

பூ (Boo) பேயோடு ஓடும் பந்தயமும் கூடுதல் லெவல்களும் திறக்கவில்லையே?

இரண்டும் ‘ஒரிஜினல் 1985’ பகுதியில் ஒரே ஆட்டத்தில் எடுக்கும் புள்ளியைப் பொறுத்தவை. பூ என்ற பேயோடு ஓடும் பந்தயத்துக்கு 1,00,000. ‘ஃபார் சூப்பர் பிளேயர்ஸ்’ என்ற கூடுதல் லெவல்களுக்கு 3,00,000.

திறக்காமல் போவதற்கு வழக்கமான காரணம், குறுக்குக் குழாய்களில் பாய்ந்து 8ஆம் உலகத்துக்குப் போய்விடுவது. லெவல் முடிவில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு நேர அலகுக்கும் 50 புள்ளி. 250 அலகு மிச்சம் வைத்தால் 12,500. அந்தக் கணக்கில் 8 லெவலில் ஒரு லட்சம், 24 லெவலில் மூன்று லட்சம். குழாய்களைத் தொடாமல் வரிசையாக ஆடினால் வேறு வித்தை எதுவும் தேவையில்லை. இரண்டு குழாயில் பாய்ந்தால் இருபது லெவலுக்கு மேல் புள்ளி எடுக்கும் இடமே போய்விடும்.

பூ பந்தயத்தில் நீங்கள் வெல்ல வெல்ல அதன் நிறம் மாறும், வேகமும் கூடும். அது சுவரை ஊடுருவிப் போகும், நீங்கள் போக முடியாது. இதை நியாயமற்றது என்று சொல்பவர்கள் முதல் இரண்டு நிறத்தையாவது வென்றுவிட்டுப் பேசலாம்.

அந்தக் கூடுதல் லெவல்கள்தான் லாஸ்ட் லெவல்ஸா?

ஆம், 1986 ஜூனில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்த ஜப்பானிய இரண்டாம் பாகம்தான். ஆனால் முழுமையாக இல்லை. உலகம் 9 கிடையாது, ஏ முதல் டி வரையிலான உலகங்களும் கிடையாது. அந்த 1986 பதிப்பில் மாரியோவைத் தள்ளிக்கொண்டு போகும் காற்று இங்கே வீசாது. லூயிஜிக்கு அங்கே இருந்த உயரக் குதியும் வழுக்கலும் இல்லை. தோற்றமும் முதல் பாகத்தினுடையது. காற்றோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பவர்கள் வேறு பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு பேர் ஆடலாமா?

ஆடலாம். இரண்டு கேம் பாய் கலர், இரண்டு கேட்ரிட்ஜ், ஒரு லிங்க் கேபிள் வேண்டும். ஒருவர் மாரியோ, ஒருவர் லூயிஜி, யார் முதலில் கொடியைத் தொடுகிறார் என்ற பந்தயம். அசலில் இருவர் என்றால் ஒருவர் சாகும்வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உயர்ந்த புள்ளிகளை இன்ஃப்ராரெட் வழியாகவும் பரிமாறிக்கொள்ளலாம். கேம் பாய் அட்வான்ஸில் அந்தக் கண் இல்லாததால் அங்கே இது வேலை செய்யாது.

எந்தக் கருவிகளில் இந்தக் கேட்ரிட்ஜ் ஓடும்?

கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ், அட்வான்ஸ் எஸ்பி, கேம்கியூபில் மாட்டும் கேம் பாய் பிளேயர். அட்வான்ஸில் எல் பட்டனை அழுத்தினால் படம் அகலத்தில் விரியும், ஆனால் கூடுதலாக எதுவும் தெரியாது. மாரியோ மட்டும் குண்டாவார். மைக்ரோ, டிஎஸ் எதிலும் ஓடாது. பழைய சாம்பல் நிற கேம் பாயில் கேட்ரிட்ஜின் மூலையில் வெட்டு இல்லாததால் பவர் சுவிட்சே நகராது. கேம் பாய் பாக்கெட்டில் ஆன் ஆகும், ஆனால் இது கலர் கருவிக்கு மட்டும் என்ற அறிவிப்போடு நின்றுவிடும்.

கேம் பாய் கலரின் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. 1-2 போன்ற கறுப்புப் பின்னணி லெவல்களை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஆடுங்கள்.

அணைத்ததும் சேமித்தது எல்லாம் அழிந்துவிடுகிறது. சரிசெய்ய முடியுமா?

கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. இருபத்தைந்து வயதான கேட்ரிட்ஜுக்கு இது சகஜம். கேம் ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது.

திறக்க 3.8 மிமீ கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சாதாரண ஸ்டார் முனை சேராது. திருகைக் கழற்றி, மேல் மூடியைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக நகர்த்திப் பிறகு தூக்குங்கள். நேராக நெம்பினால் மேல் கொக்கி உடையும். பேட்டரியின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும், அதே எண் உள்ளதை வாங்குங்கள். கட்டாயம் காது வைத்தது, அதாவது உலோகத் தகடு ஏற்கனவே ஒட்டப்பட்டது. வெறும் பேட்டரிமேல் நேராக ஈயம் வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். டேப் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. பையில் போட்டுக் குலுக்கினால் தொடர்பு விட்டு மறுபடி எல்லாம் அழியும்.

சால்டரிங் அயர்ன் 330 டிகிரி அளவில், ஒவ்வொரு காதுக்கும் 2 முதல் 3 நொடி போதும். போர்டில் ப்ளஸ், மைனஸ் குறி உண்டு, எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பாருங்கள், 3 வோல்ட்டுக்குக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். இன்னும் உயிரோடு இருக்கும் சேமிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பேட்டரியைத் தொடும் முன்பே கேட்ரிட்ஜ் ரீடர் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள், கழற்றிய பிறகு திரும்ப வராது.

திரையில் கோடு கோடாக வந்தால் அது பேட்டரிக் கோளாறு இல்லை, கேட்ரிட்ஜின் அடியில் கருவியைத் தொடும் ஊசிகளில் அழுக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது துடைப்பானால் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டுக் கறுக்கும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அசல் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று அச்சாக இல்லாமல் அழுத்தமாகப் பதிந்திருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும். பின்பக்கத் திருகு சாதாரண ஸ்டார் வடிவம் என்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே போர்டில் நின்டெண்டோ பெயர் பொறித்திருக்க வேண்டும். பல போலிகளில் பேட்டரியே இருக்காது.

திரையை வெட்டாத கைக்கருவிப் பதிப்பு இருக்கிறதா?

இரண்டைச் சொல்லலாம். 2004இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு அசலையே அப்படியே தந்தார்கள். அந்தத் திரை 240 × 160. அகலம் ஏறக்குறைய பொருந்தியது, உயரம் மூன்றில் ஒரு பங்கு நசுங்கியது. எல்லாம் தெரியும், ஆனால் மாரியோ யாரோ தலையில் தட்டியதுபோல இருப்பார். மேல் பெட்டியும் தரையும் ஒன்றாகத் தெரிவதால் ஓடி ஆடுவதற்கு டீலக்ஸைவிட இதுவே எளிது.

2020 நவம்பரில் வந்த கேம் & வாட்ச் கருவியில் முதல் பாகமும் லாஸ்ட் லெவல்ஸும் முழுக் காட்சியோடு 2.36 அங்குலத் திரையில் ஓடுகின்றன. வெட்டவும் இல்லை, நசுக்கவும் இல்லை, பொடி எழுத்தைப் படிக்கும் கண் மட்டும் வேண்டும். சாலஞ்ச் பகுதியும் பூ பேய்ப் பந்தயமும் இந்த இரண்டிலும் கிடையாது.

புதிதாக ஆடுபவர் எதில் தொடங்கலாம்?

முதல் தடவை என்றால் அசலில், பெரிய திரையில். உலகம் 4 வரையாவது குழாயில் பாயாமல். பிறகு டீலக்ஸில் நேராகச் சாலஞ்ச் பகுதிக்குப் போங்கள்.

3டிஎஸ்ஸில் டீலக்ஸை இப்போது வாங்க முடியுமா?

முடியாது. 2014இல் அங்கே டிஜிட்டலாக விற்றார்கள். 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ் கடையில் விற்பனை நின்றுவிட்டது. அதில் லிங்க் கேபிள் பந்தயமும் கேம் பாய் பிரின்டரில் அச்சிடும் வசதியும் முன்பே முடக்கப்பட்டிருந்தன. இப்போது வாங்குவதென்றால் பழைய கேட்ரிட்ஜ்தான்.